பேட்டரியின் மீது பழி போடுமுன்

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு பஞ்சாயத்து வந்தது. ஒரு பக்கம் மளிகைக் கடைக்காரர். மறுபக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்து அதோடு சோலார் சாமான்களும் விற்பவர். இருவரும் நம் உறுப்பினர்கள். இருவரும் சந்தா பாக்கி வைக்காதவர்கள். நடுவில் மேசைமேல் இரண்டு பேட்டரிகள், பக்கவாட்டில் வயிறு உப்பிக் கிடந்தன.

மளிகைக் கடைக்காரரின் கடை ஊருக்குள் இல்லை. கடற்கரைச் சாலையோரம், மின்கம்பம் வராத தோப்புப் பகுதியில் இருக்கிறது. இணைப்பு கேட்டு அலைந்து சலித்து, கடைசியில் கூரைமேல் சோலார் பேனல் போட்டு, 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் மூடிய பேட்டரிகள் இரண்டை இணைத்துக் கடை நடத்தினார். நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு மின்விசிறி, எலெக்ட்ரானிக் தராசு. அவ்வளவுதான் பளு. பதினான்கு மாதத்தில் பேட்டரிகள் தீர்ந்துபோயின. விளக்கு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

"அண்ணாச்சி, நான் கொடுத்தது நல்ல கம்பெனிச் சரக்கு. இவர் தாறுமாறாக உபயோகித்து வீணாக்கிவிட்டார்" என்றார் விற்றவர். "தாறுமாறாக உபயோகிக்க என் கடையில் என்ன மாவு மில்லா ஓடுகிறது?" என்றார் வாங்கியவர். கம்பெனியோ, உப்பிய பேட்டரிக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டது. இரண்டு பேட்டரிக்கும் அவர் கொடுத்த தொகை, அந்தச் சின்னக் கடையின் ஒரு மாத லாபத்துக்குக் குறையாது.

நாம் யார் பக்கமும் பேசாமல், ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு கடைக்கே போய்ப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் பேட்டரியின் வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் உண்டு: மூடிய பேட்டரி, ஜெல் பேட்டரி, தண்ணீர் ஊற்றும் பேட்டரி என மூன்று வகை. மாட்டிய பையன் அதைத் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தான். பேட்டரியின் சூட்டை அறிந்து சொல்லும் சென்ஸார் ஒயர், கன்ட்ரோலர் வந்த அட்டைப்பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. பேட்டரிகள் இருந்த இடம், தகரக் கூரைக்குக் கீழே பரண்மேல். சித்திரை வெயிலில் அந்தப் பரணில் கையை நீட்டிப் பார்த்தவர்கள் பேட்டரியைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஆக, விற்றவர் போலிச் சரக்கு விற்கவில்லை. வாங்கியவரும் முறைகேடாக உபயோகிக்கவில்லை. ஒரு பொத்தானும் ஒரு ஒயரும்தான் நம் இரண்டு உறுப்பினர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டன. இதுபோல எத்தனை கடைகளில் எத்தனை பேட்டரிகள் வீணாகின்றனவோ என்று எண்ணித்தான் இதை எழுதுகிறோம்.

2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது வாங்கிப் பழகியதுதான் இன்வெர்ட்டரும் பேட்டரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கூரைமேல் ஒரு பேனலும் கீழே ஒரு பேட்டரியும் வைத்துக்கொண்டால் நல்லது என்ற எண்ணம் அதன்பிறகு நம்மிடையே வலுத்தது. எண்ணம் சரியானதே. ஆனால் பேனலை வாங்கும்போது எத்தனை வாட், எத்தனை வருட உத்தரவாதம் என்று துருவித் துருவிக் கேட்கும் நாம், பேட்டரிக்கு எத்தனை வோல்ட்டில் சார்ஜ் ஏறுகிறது என்று கேட்பதே இல்லை. பேனல் 20, 25 வருடம் உழைக்கும் பொருள். பேட்டரிதான் திரும்பத் திரும்பப் பணத்தைக் கேட்கும் பொருள். கேள்வியோ தலைகீழாக இருக்கிறது.

மூடிய பேட்டரியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாசகம் "பராமரிப்பு தேவையில்லை" என்பது. நம் கருத்தைச் சொல்வதானால், நம்மவர்களுக்குப் பெரும் நஷ்டத்தை உண்டாக்கிய வாசகம் அதுதான். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஊற்றவும் முடியாது என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஈய-அமில பேட்டரி புதிய பொருள் அல்ல. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே என்பவர் செய்தது. ஈயத் தகடுகள், கந்தக அமிலம், தண்ணீர். அடிப்படை இன்றும் அதுவே. சார்ஜ் நிறைந்த பிறகும் மின்சாரத்தைத் திணித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற வாயுக்களாகப் பிரிந்து போகும். லாரி பேட்டரியில் மூடியைத் திறந்தால் நுரைக்கிறதே, அது இதுதான். அந்த வகையில் குறைந்த தண்ணீரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

மூடிய பேட்டரியில் ஏற்பாடு வேறு. அமிலம் தளும்பும் திரவமாக இருக்காது. கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும், அல்லது கூழாக உறைந்திருக்கும். ஒரு தகட்டில் பிரியும் ஆக்ஸிஜன் பஞ்சின் இடுக்குகள் வழியே மறு தகட்டுக்குப் போய், அங்கே மீண்டும் தண்ணீராகிவிடும். மெதுவாக, அளவோடு சார்ஜ் ஏறும் வரையில் இந்தச் சுழற்சி ஒழுங்காக நடக்கும். அளவு மீறினால் வாயு அதிகமாகி அழுத்தம் ஏறும். உள்ளே இருக்கும் சிறு வால்வு திறந்து வாயு வெளியே போய்விடும். அப்படிப் போன தண்ணீர் போனதுதான். பஞ்சு காய்கிறது, பேட்டரி சுடுகிறது, சூடான பேட்டரி அதே வோல்ட்டில் இன்னும் அதிக மின்சாரத்தை இழுக்கிறது, அதனால் இன்னும் சுடுகிறது. இந்த விஷச் சுழலில் சிக்கியதுதான் நாம் பார்த்த உப்பிய வயிறு.

எனவே தண்ணீர் ஊற்றும் பேட்டரியைவிட மூடிய பேட்டரிக்குத்தான் சார்ஜ் செய்வதில் அதிகக் கவனம் வேண்டும். முன்னது கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். பின்னது பொறுக்காது.

சரியான சார்ஜ் எப்படி இருக்க வேண்டும்? சாக்கில் அரிசி பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் முகந்து முகந்து கொட்டுகிறோம். கழுத்தருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து, குலுக்கி, அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறோம். நிறைந்ததும் வாயைக் கட்டிவிடுகிறோம். பேட்டரிக்கும் இந்த மூன்று கட்டங்களே. முதலில் பேனல் தரும் மின்சாரம் முழுதும் ஏறலாம். ஏறக்குறைய எண்பது சதவீதம் ஆனதும் வோல்ட் ஒரு அளவைத் தொடும். அதற்குமேல் ஏறவிடாமல் அங்கேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். பேட்டரி தானே இழுப்பைக் குறைத்துக்கொண்டு மெல்ல நிறையும். நிறைந்த பிறகு வோல்ட்டை இன்னும் இறக்கி, கசியும் அளவுக்கு மட்டும் ஈடுகட்ட வேண்டும்.

12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு, பஞ்சு வகையானால் இரண்டாம் கட்டத்தில் 14.4 முதல் 14.7 வோல்ட், ஜெல் வகையானால் அதைவிடச் சற்றுக் குறைவாக 14.1 முதல் 14.4. நிறைந்த பிறகு நிறுத்திவைக்கும் அளவு 13.5 முதல் 13.8. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பவர்கள் இவற்றை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் பேட்டரியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சிடப்பட்டே இருக்கிறது. அல்லது கூட வரும் தாளில் இருக்கும். நாம் சொல்லும் எண்ணும் அந்தத் தாளின் எண்ணும் மாறுபட்டால் தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

ஆனால் அந்தத் தாளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த எண்கள் எல்லாம் 25 டிகிரி வெப்பத்துக்கு உரியவை. நம் ஊரில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.024 வோல்ட் வீதம் சார்ஜ் அளவைக் குறைக்க வேண்டும். பரணில் பேட்டரியின் சூடு 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரி கூடுதல். கிட்டத்தட்ட அரை வோல்ட் குறைய வேண்டும். 14.4 வைக்க வேண்டிய இடத்தில் 13.9 போதும். நம் உறுப்பினரின் கன்ட்ரோலர் கொடுத்துக்கொண்டிருந்தது 14.6. மாதம் ஒருமுறை, தண்ணீர் பேட்டரிகளைக் கலக்கிச் சமப்படுத்துவதற்கென்று உள்ள ஏற்பாட்டின்படி 14.8.

முக்கால் வோல்ட்டுக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அது ஐந்து சதவீதம். கிலோவுக்கு 50 கிராம் தப்பாகக் காட்டும் தராசை நாம் கடையில் வைத்திருப்போமா? பேட்டரியிலோ விளைவு இன்னும் கடுமை. நிறைந்த நிலையில் வோல்ட் சிறிது கூடினாலும் உள்ளே பாயும் வீண் மின்சாரம் பல மடங்காகிவிடும்.

அந்தச் சென்ஸார் ஒயரின் வேலை இதுதான். பேட்டரியின் சூட்டுக்கு ஏற்ப அளவைத் தானே கூட்டிக் குறைப்பது. ஒயரில்லாத மலிவுக் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் கோடையில் அளவைக் கையால் சற்று இறக்கி வைக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் குறைந்தபட்சம் பேட்டரியையாவது பரணிலிருந்து இறக்குங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. இருபது டிகிரி கூடினால் கால்வாசி. ஐந்து வருடம் என்று சொல்லி விற்றது ஒண்ணேகால் வருடம்! பரண் இருபத்துநாலு மணி நேரமும் கொதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது கொதிக்கும் நேரமும் சார்ஜ் ஏறும் நேரமும் ஒன்றாக இருக்கிறதே.

தரையோடு, நிழலான சுவரோரம், காற்றோட்டமாக, மரப்பலகைமேல் வையுங்கள். இடமில்லை என்று சரக்கு அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்களும் உண்டு. மிகைச் சார்ஜ் ஆனால் வால்விலிருந்து வெளியேறுவது ஹைட்ரஜன், எளிதில் தீப்பற்றும் வாயு. பக்கத்தில் தீப்பெட்டிப் பண்டலும் கற்பூர டப்பாவும் இருக்கும் கடையில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது மிகைச் சார்ஜ். சோலாரை மட்டுமே நம்பியிருக்கும் கடைகளில் இதைவிட அதிகமாக நடப்பது குறைச் சார்ஜ். உப்பாது, சுடாது, சத்தமில்லாமல் சாகும்.

இன்னொரு உறுப்பினரின் கதை இது. 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் மூடிய பேட்டரி. ஒரே ஒரு பேனல், நல்ல வெயிலில் 8 ஆம்பியர் தரும். விளக்குக்கும் விசிறிக்கும் போதுமானதாக இருந்தது. பால் பாக்கெட்டும் குளிர்பானமும் வைத்தால் நாலு காசு கூட வருமே என்று ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி வாங்கிப் போட்டார். வியாபாரம் என்ற வகையில் சரியான முடிவுதான். ஆனால் இரவில் 60 ஆம்பியர்-ஹவர் இழுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. நம் பகுதியில் நல்ல வெயில் என்று கணக்கில் எடுக்கக்கூடியது நாளுக்குச் சுமார் ஐந்து மணி நேரம். எட்டு ஐந்து நாற்பது. பற்று அறுபது, வரவு நாற்பது! இதில் எடுத்ததை அப்படியே திருப்பி வைத்தாலும் போதாது. நூறு எடுத்தால் நூற்றுப்பத்து வைக்க வேண்டும். மேல் பத்தும் பேட்டரி எடுத்துக்கொள்ளும் வட்டி.

விளைவு, அந்த பேட்டரி ஒருநாளும் நிறையவில்லை. தினமும் விடியுமுன் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணையும். காலையில் கொஞ்சம் ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். பேட்டரி மின்சாரம் தரும்போது தகடுகள்மேல் ஈய சல்பேட் என்ற உப்பு படிகிறது. உடனுக்குடன் முழுச் சார்ஜ் கொடுத்தால் அது கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். நாள்பட விட்டால் இறுகிப் படிகமாகிவிடும். அதன்பிறகு எந்தச் சார்ஜுக்கும் அசையாது. வாடிக்கைக்காரரிடம் நிற்கும் நிலுவையைப் போலத்தான். இந்த மாதத்து நிலுவையை இந்த மாதம் கேட்டால் வந்துவிடும். மூன்று வருடத்துப் பழைய நிலுவை பேரேட்டில் இருக்கும், கல்லாவுக்கு வராது. அந்த உறுப்பினரின் பேட்டரியில் எட்டு மாதத்தில் முக்கால் பாகம் வாராக்கடன் ஆகிவிட்டது.

பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியராவது பேனலிலிருந்து வரவேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான கணக்கு. 100-க்குப் பத்து, 150-க்குப் பதினைந்து. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதானால் பேட்டரித் தாளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவர் இப்போது இன்னொரு பேனல் சேர்த்திருக்கிறார். பெட்டியைப் பகலில் நன்றாக ஓட்டிக் குளிர வைத்துவிட்டு இரவில் நிறுத்திவிடுகிறார். இரவு முழுக்கத் திறக்காத பெட்டி அத்தனை சீக்கிரம் சூடாவதில்லை என்கிறார்.

பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்காமல் இருப்பது நல்லது. இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வரை இறங்க விடும். அது பேட்டரியின் அடிவண்டல். கன்ட்ரோலரிலோ இன்வெர்ட்டரிலோ மாற்ற வழியிருந்தால் 11.5 அளவில் நிற்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் முகம் காட்டாத நாட்களில் வேறு வழியில்லை, பளுவைக் குறைக்கத்தான் வேண்டும். விடுமுறை நாளில் கடையை அடைக்கும்போது பளுவெல்லாம் நிறுத்திவிட்டு பேனலை மட்டும் இணைப்பில் விட்டு வைத்தால், வாரம் ஒருமுறையாவது பேட்டரி வயிறு நிறையும். இதில் தம்பிடி செலவில்லை.

பேட்டரி இறங்கிவிட்டது என்று ஆட்டோவில் ஏற்றிப் போய் பேட்டரிக் கடையில் கொடுத்து இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அங்கே லாரி பேட்டரியோடு வரிசையில் சேர்த்து மாட்டிவிடுவார்கள். எட்டு மணி நேரம் ஒரே வேகம். வோல்ட்டை நிறுத்திப் பிடிப்பது கிடையாது. தண்ணீர் பேட்டரிக்கு அது ஒத்துவரும். மூடிய பேட்டரியை அப்படிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமானால், அளவில் தானே நிற்கும் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள்.

வாங்குவதிலேயே ஒரு தவறு நடக்கிறது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மூடிய பேட்டரிகளில் பல, கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்கென்று செய்தவை. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு மற்ற நேரமெல்லாம் நிறைந்த நிலையில் சும்மா இருப்பது அவற்றின் வேலை. தினமும் பாதி காலியாகி தினமும் நிறைவது அவற்றுக்குப் பழக்கமில்லாத உழைப்பு. அப்படிச் சில நூறு முறைதான் தாங்கும். வருடத்துக்கு 365 நாள் என்பதை மறந்துவிடக் கூடாது. சோலாருக்கென்றே செய்த ஜெல் டியூபுலர் வகைகள் இதற்குமேல் உழைக்கும், விலையும் கூட. கடையில் தினமும் ஆள் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துத் தண்ணீர் ஊற்ற மனமும் இருக்கிறது என்றால், தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரியே மேல் என்பது நம் அபிப்பிராயம். ஆள் எட்டிப் பார்க்காத கிட்டங்கிக்கு மூடியது சரி. மூடியதுதான் உயர்ந்தது என்று ஒரு மதிப்பு நம்மிடையே இருக்கிறது. அது அவசியமில்லாதது.

லித்தியம் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஈயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று இளைய உறுப்பினர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அரைகுறைச் சார்ஜில் கிடந்தாலும் இப்படிக் கெடாது, ஆயுளும் அதிகம். புதிதாகப் போடுகிறவர்கள் இரண்டையும் வருடக் கணக்கில் வகுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் பழைய கன்ட்ரோலரை அதே அமைப்பில் வைத்துக்கொண்டு லித்தியத்தை மாட்டினால், அங்கும் இதே பஞ்சாயத்துதான் வரும். மேலும், நம் கடைகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஈய பேட்டரிகளை நாளையே தூக்கி எறியப் போகிறோமா?

அவை எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எலெக்ட்ரானிக் தராசின் அடியில் 6 வோல்ட்டில் ஒன்று. பில் போடும் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவரில் ஒன்று. வாரச் சந்தைக்குத் தராசோடு போகும் சில்லறை வியாபாரிக்கு அந்தக் கையளவு பேட்டரிதான் அன்றைய பிழைப்பு. சந்தை முடிந்து வந்ததும் அன்றிரவே சார்ஜ் போடுங்கள். அடுத்த சந்தைக்கு முதல்நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு நாள் வெறும் வயிற்றோடு போட்டு வைப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மூடிய பேட்டரி சும்மா இருந்தாலும் இறங்கும். 25 டிகிரியில் மாதத்துக்கு மூன்று சதவீதம் அளவு; சூடு கூடக் கூட இன்னும் வேகமாக. கிட்டங்கியில் ஒரு வருடம் தூங்கிய பேட்டரியைப் புதுச்சரக்கு என்று விற்பது, புழு வைத்த பருப்பைப் பளபளப்பான பாக்கெட்டில் போட்டு விற்பதற்குச் சமம். கோடைக்காலமானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சார்ஜ் கொடுத்து வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கையில் மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.8-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.3 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் வேறு கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரியானால் பளுவையும் பேனலையும் கழற்றி, சில மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது பார்க்கும் எண் ஏமாற்றும்.

இனி, நம் கோரிக்கைக்கு வருகிறோம். சோலார் சாமான் விற்கும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பில்லோடு ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். பேட்டரியின் வகை, கன்ட்ரோலரில் வைத்த மூன்று வோல்ட் அளவுகள், சென்ஸார் மாட்டியதா, மாட்டிய தேதி, மாட்டியவர் கையெழுத்து. அந்தச் சீட்டை கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வர வேண்டும். சொன்னபோது விற்பனையாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "மாட்டுகிற பையன்கள் தினக்கூலிக்கு வருகிறவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்தால் நாளை அதையே காட்டி எங்களிடம் சண்டைக்கு வருவார்கள்" என்றார்கள். இதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் எழுதாததனால் சண்டை வராமல் இருந்ததா? எழுதியிருந்தால் அந்தப் பையன் பொத்தானை ஒருமுறை பார்த்திருப்பான். கம்பெனி உத்தரவாதத்தை மறுத்தபோது, சரியான அளவில்தான் வைத்தோம் என்று காட்ட விற்றவரிடம் ஒரு தாள் இருந்திருக்கும். இந்தச் சீட்டு வாங்குபவரைவிட விற்பவருக்கே அதிகம் காப்பு.

வாங்குகிறவர்களிடமும் குறை இருக்கிறது. கன்ட்ரோலரில் இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, ஆயிரக்கணக்கில் பேட்டரியில் விடுகிறோம். பழைய பேட்டரி ஒன்று போனதும் அதை மட்டும் மாற்றி, இரண்டு வருடத்துப் பழசோடு புதிதைத் தொடரில் கட்டுகிறோம். கிழட்டு மாட்டோடு காளையைப் பூட்டினால் இரண்டும் கெடும். கன்ட்ரோலருக்கு இரண்டின் கூட்டு வோல்ட்தான் தெரியும், தனித்தனியாகத் தெரியாது.

பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். புதிய பேட்டரிகளின் விலையில் பாதியை விற்றவர் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி மளிகைக் கடைக்காரருடையது. கன்ட்ரோலர் மூடிய பேட்டரிக்கு மாற்றப்பட்டது. சென்ஸார் ஒயர் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டது. பேட்டரிகள் பரணிலிருந்து இறங்கி, அரிசி மூட்டைகள் இருந்த நிழல் மூலைக்கு வந்தன; மூட்டைகள் பரணேறின. உப்பிய இரண்டையும் விற்றவரே எடைக்கு விலை வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைக் குப்பையோடு போடக் கூடாது. சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோதான் கொடுக்க வேண்டும். கூடப் பத்து ரூபாய் தருகிறான் என்று தெருவோரக் காயலான் கடைக்குப் போட்டால், அவன் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குவான். அந்தப் புகையும் தூசியும் பக்கத்துத் தெருக் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும்.

சங்க அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். மாதாந்தரக் கூட்டத்தன்று மாலை ஐந்து மணி முதல் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருப்பார். தராசு பேட்டரி, யு.பி.எஸ். பேட்டரிகளைக் கையோடு கொண்டுவரலாம். சோலார் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலரின் முகப்பையும் பேட்டரியில் ஒட்டியுள்ள தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து வந்தால் போதும். சீட்டின் மாதிரி அச்சாகிக்கொண்டிருக்கிறது. விற்பனையாளர் உறுப்பினர்கள் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.